ஒதுக்கிய படங்கள்

கல்யாண ஆல்பத்தின் முதல் ஆறு பக்கங்களும் ஒழுங்காகத்தான் திறந்தன. ஏழாவது பக்கத்தில் மண்டபத்து வாசல், வாழைமரம், வரவேற்புத் தட்டு எல்லாம் இருந்தன. வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தவர் கல்யாணப் பெண்ணின் அப்பா, அவரைத்தான் காணவில்லை. அவர் படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் வெறும் கட்டம் ஒன்று கிடந்தது, அதன் நடுவில் சிவப்பாகப் பெருக்கல் குறி. புதுக் கம்ப்யூட்டர்தானே, படம் வந்து சேர நேரம் பிடிக்கிறதாக்கும் என்று கிருபாவதி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். படம் வரவில்லை. எட்டாவது பக்கத்தில் இரண்டு கட்டம். ஒன்பதில் ஒன்று. முப்பத்தாறு பக்கத்தையும் தள்ளிப் பார்த்து முடித்தபோது நாற்பத்தொரு கட்டங்களை எண்ணியிருந்தாள். மாப்பிள்ளை இருந்தார், மாப்பிள்ளையின் சித்தப்பா இருந்தார், பந்தியில் அப்பளம் போட்டவன்கூட இருந்தான். பெண் வேல்விழியின் அப்பா சங்கிலி முக்கியமாக நின்ற இடங்கள் மட்டும் ஒன்றுவிடாமல் சாம்பலாகிக் கிடந்தன.

சின்னமனூரில் அந்த ஸ்டுடியோவுக்கு வேலைக்கு வந்து கிருபாவதிக்கு ஒன்பது வருஷம். படம் எடுக்கிறவர் வேலுச்சாமி, ஆல்பம் கட்டுகிறவள் இவள். பிலிம் போய் டிஜிட்டல் வந்து, ஒட்டுகிற ஆல்பம் போய்ப் பக்கம் பக்கமாகக் கம்ப்யூட்டரிலேயே அடுக்கி அச்சடிக்கிற ஆல்பம் வந்து, எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு தாக்குப்பிடித்தவள். போன வெள்ளிக்கிழமை புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது அவளுக்கு இருந்த பயமெல்லாம் அந்த ஆல்பம் சாஃப்ட்வேரைப் பற்றித்தான். அது லேசில் இடம் மாறாது. பின்னால் சொருகுகிற கட்டைவிரல் அளவு லாக் வேண்டும், மதுரைக் கம்பெனிக்குப் போன் போட்டுப் புது நம்பர் வாங்க வேண்டும், எழுத்துரு ஒன்று விட்டுப்போனாலும் மாப்பிள்ளை பெயர் கொக்கியும் கோடுமாகத்தான் தெரியும். வேலுச்சாமி வேறு நல்ல நேரம் பார்த்துச் சொல்லிவிட்டார்: ஒன்பதே கால் முதல் பத்தே கால். அதற்குள் வேலையை ஆரம்பிக்காவிட்டால் அப்புறம் ராகு காலம், புது மெஷினைத் தொடவே கூடாது. ஒரு மணி நேரத்தில் லாக்கை மாற்றி, நம்பர் வாங்கி, எழுத்துருக்களை ஏற்றி, கல்யாண ஃபோல்டர்களையெல்லாம் கொண்டுவந்து சேர்த்தாள். சாஃப்ட்வேர் எந்த மக்கரும் பண்ணாமல் திறந்துகொண்டபோது மவுஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீட்டையெல்லாம் காலி பண்ணிவிட்டு அடுப்பு மேல் வைத்த பாலை மறந்துவிட்டு வந்தவள் கதைதான்.

சங்கிலி கல்யாணம் முடிந்த இருபத்திமூன்றாம் நாள் செத்துப்போனார். மார்க்கையன்கோட்டைக்காரர். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். ரேஷன் கார்டுக்கும் ஓட்டு அடையாள அட்டைக்கும் தவிர அதற்கு முன்னால் ஒரு கேமரா முன்னால் நின்றவர் இல்லை. கல்யாணத்துக்கு வீடியோ வேண்டாம், போட்டோவே போதும் என்றவரும் அவர்தான். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்குப் படம் கேட்டு வந்தபோது கல்யாணப் படத்திலிருந்துதான் முகத்தை வெட்டிக் கொடுத்தார்கள். அன்றைக்கு வேலுச்சாமி சொன்னார், நல்ல காரியத்துப் படத்தோடு செத்தவர் படத்தை வைக்காதே என்று. அது அந்தக் கடையின் வழக்கம். கல்யாணமும் காதுகுத்தும் ஒரு டிரைவில் இருக்கும், அஞ்சலிப் படமெல்லாம் கடைசி டிரைவில் இருக்கும். சங்கிலி முக்கியமாக நின்ற நாற்பத்தொரு படங்களையும் கிருபாவதி இங்கிருந்து வெட்டி எடுத்து அங்கே கொண்டுபோய் வைத்தாள். நகல் எடுக்கவில்லை, வெட்டித்தான் எடுத்தாள். ஆல்பத்துக்குத் தேவைப்பட்டபோது அங்கிருந்தே இழுத்துப் பக்கங்களில் அடுக்கினாள். ஆல்பம் கோப்புக்குள் படம் இருக்காது, படம் இருக்கிற விலாசம்தான் இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்து விலாசம் இருந்தால் மண்டபமே அதற்குள் இருக்கிறது என்று அர்த்தமா? இது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான், நல்ல நேரத்தில் கடைசி டிரைவைத் தொட வேண்டாம், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்த அப்புறம் வரவே இல்லை. சனிக்கிழமை, பெண்பிள்ளைகள் படம் வெளியே போய்விடக் கூடாதே என்று பழைய கம்ப்யூட்டரின் எல்லா டிரைவையும் தன் கையாலேயே ஃபார்மட் அடித்தாள். ஞாயிற்றுக்கிழமை குமுளி மலையடிவாரத்தில் லோயர் கேம்ப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தவசி அதை வாங்கி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். கேமரா கார்டில் அடுத்தடுத்த கல்யாணங்கள் ஏறிவிட்டன; ஆல்பம் கொடுக்கும்போதுதான் படங்களை டிவிடியில் போடுவது வழக்கம் என்பதால் அதுவும் இல்லை. இன்றைக்குப் புதன்கிழமை.

"என்னத்தா, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்று பாஸ்போர்ட் போட்டோ எடுத்து முடித்துவிட்டு உள்ளே வந்த வேலுச்சாமி கேட்டார்.

"அண்ணே, வேல்விழியோட அய்யா படம் ஒண்ணுகூட இல்ல."

"லாக்கு மக்கர் பண்ணுதா?"

"லாக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு. கடைசி டிரைவ நான் காப்பி பண்ணவே இல்லண்ணே. அழிச்சுட்டேன்."

வேலுச்சாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடக் கிருபாவதிக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். மோவாயைச் சொறிந்துவிட்டுத் திரையைக் காட்டினார்.

"குரூப் போட்டோ ஒண்ணு இருக்குல்ல? ஓரத்துல நிக்கிறாகளே. அந்தத் தலைய வெட்டி எடு. வெள்ளச் சட்ட போட்ட ஒடம்பு நம்மகிட்ட இல்லாமயா போச்சு?"

"அதுல கண்ண மூடியிருக்காகண்ணே."

"தொறந்து வைய்யி. நீ தொறக்காத கண்ணா?"

அது பொய்யில்லை. அஞ்சலி ஃபிளெக்ஸுக்கு அவள் திறந்து வைத்த கண்கள் எத்தனையோ. அண்ணன் கண்ணைத் தம்பிக்கும், பெரியப்பா கண்ணை மகனுக்கும் எடுத்து வைத்திருக்கிறாள். சொந்தக்காரர்கள் வந்து பார்த்து, அப்படியே உசிரோட இருக்கிற மாதிரி இருக்கு என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஆனால் வேல்விழி இந்தப் படங்களைப் பார்த்திருக்கிறாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வந்து இதே அறையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். அழவில்லை. கடைசியில், "நாப்பத்தியொண்ணு இருக்குக்கா" என்று மட்டும் சொன்னாள். அப்பனின் படத்தை எண்ணி வைத்துக்கொண்டு போன பெண்ணிடம் போய் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவா? அவள் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். பக்கங்களைக் கடைசியாக ஒருமுறை பார்த்துச் சரி சொன்னால், மதியம் அச்சுக்கு மதுரைக்குப் போக வேண்டியது. மணி பத்தே கால்.

கிருபாவதி தவசிக்குப் போன் போட்டாள். அழித்த படம் உடனே போய்விடாது என்று அவளுக்குத் தெரியும். இந்த இடம் காலி என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்காரும்வரை பழையது உள்ளேயேதான் கிடக்கும்.

"தம்பி, அந்தக் கம்ப்யூட்டரு சும்மாதான் கெடக்கா?"

"சும்மா எங்கக்கா கெடக்கு? சாமிமாரு வர ஆரம்பிச்சாச்சுல்ல. செல்லு மெமரி கார்டுல ஐயப்பன் பாட்டு ஏத்தி விடுறேன். நேத்துப் பூரா சிடியில இருந்து உள்ள ஏத்துனேன். இப்பவும் ஒரு சிடி ஓடிக்கிட்டிருக்கு."

"எந்த டிரைவுல ஏத்துற?"

"கடைசி டிரைவுலதான். காலியா கெடந்துச்சே."

கிருபாவதி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். ஒரு பாட்டும் ஒரு படமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒரு பாட்டு போய் உட்கார்ந்தால் ஒரு படம் எழுந்து போய்விடும்.

"தம்பி, ஒன்னயக் கையெடுத்துக் கும்பிடுறேன். வயரப் புடுங்கிரு. இப்பவே புடுங்கு."

"அக்கா, இங்கன பத்துச் சாமி நிக்கிறாக. மலைக்குப் போறவுககிட்டப் பாதி பாட்டுத்தான் ஏறியிருக்கு, போயிட்டு வாங்கன்னு சொல்லச் சொல்றீகளா?"

அதற்குள் லைன் அறுந்துவிட்டது. திரும்பப் போட்டபோது எடுக்கவில்லை. கிருபாவதி, அழிந்ததைத் தேடியெடுக்கிற சாஃப்ட்வேர் சிடியையும் ஒரு பென் டிரைவையும் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள். வாசலில் வேல்விழி நின்றிருந்தாள். அம்மா வீட்டிலிருந்து அவள் வருகிற மார்க்கையன்கோட்டை பஸ் இன்றைக்குப் பார்த்து முன்னாலேயே வந்து தொலைத்திருக்கிறது.

"வாத்தா வேலு," என்று வேலுச்சாமி முகமெல்லாம் சிரிப்பாக முந்திக்கொண்டார். "கம்ப்யூட்டர்ல வைரஸ் பூந்துருச்சு. நாளைக்கு வந்தீன்னா..."

"வைரஸெல்லாம் இல்ல," என்றாள் கிருபாவதி. சொல்லிவிட்ட பிறகுதான் தான் சொல்லிவிட்டோம் என்பதே அவளுக்கு உறைத்தது. "ஓங்கய்யா படத்த நான் அழிச்சுட்டேன், வேலு. தெரியாம அழிச்சுட்டேன். எல்லாத்தையும்."

வேல்விழிக்கு இருபத்திரண்டு வயது. கையில் கல்யாண வளையல் இன்னும் புதுசாக மின்னியது. அவள் கத்துவாள், உட்கார்ந்து அழுவாள், மாப்பிள்ளைக்குப் போன் போடுவாள் என்று மூன்றையும் கிருபாவதி எதிர்பார்த்தாள். அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "அந்தக் கம்ப்யூட்டரு இப்ப எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

"லோயர் கேம்ப்ல."

"வாங்க, போவோம்."

கம்பம் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. மழை பெய்து ஓய்ந்த கார்த்திகை மாசம். வெளியே பச்சை வயல், திராட்சைப் பந்தல், வாழை என்று கண்ணுக்குக் குளுமையாக எவ்வளவோ இருந்தது. கிருபாவதி முன் சீட்டின் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். உத்தமபாளையத்தில் பஸ் நின்றதும் நின்றதுதான், டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார். மனுசன் ஊதி ஊதிக் குடித்தார். அவர் கிளாஸில் டீ குறையக் குறைய லோயர் கேம்ப்பில் பாட்டு ஏறிக்கொண்டிருக்கும் என்று நினைக்க, அவளுக்கு இறங்கிப் போய்க் கிளாஸைப் பிடுங்கிவிடலாமா என்றிருந்தது. தவசி போனை எடுக்கவே இல்லை.

கம்பத்தில் வேறு பஸ் மாறி உட்கார்ந்த பிறகுதான் வேல்விழி வாயைத் திறந்தாள்.

"எல்லாரு படமும் வந்துருச்சு. எங்கய்யா படம் மட்டும் எப்பிடிக்கா விட்டுப்போச்சு?"

கிருபாவதி சொன்னாள். கடையின் வழக்கத்தையும் கடைசி டிரைவையும் நல்ல நேரத்தையும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல, அதெல்லாம் எவ்வளவு சரியான காரணமாகத் தோன்றி வந்தது, இப்போது எவ்வளவு அற்பமாகக் கேட்கிறது என்று தனக்கே கூச்சமாக இருந்தது.

"அப்ப எங்கய்யா கெட்ட காரியமா?"

"அப்படி இல்லத்தா..."

"எங்க அத்தையும் இதத்தான் சொன்னாக. புதுசா வந்தவ ஆல்பத்துல செத்தவுக எதுக்கு, ஒண்ணு ரெண்டு வச்சாப் போதும்னாக. அல்லிநகரத்துல மாமியா வீட்டுல ரெண்டு நா சோறு திங்காம மல்லுக்கட்டுனேன். எங்கய்யா நின்ன எடத்துலயெல்லாம் நிக்கணும்னு சொல்லி, அவுகளயும் சரின்னு சொல்ல வச்சுட்டுத்தான் ஒங்ககிட்ட வந்தேன். நீங்க அதுக்கு முன்னாடியே ஒதுக்கி வச்சுட்டீக."

மன்னிச்சுக்க என்ற வார்த்தை கிருபாவதிக்கு வாய்வரை வந்தது. அதைச் சொல்லி இந்தப் பெண்ணை, பரவாயில்லக்கா என்று சொல்லவைப்பது அதைவிடப் பெரிய பாவமாகப் பட்டதால் விழுங்கிக்கொண்டாள். கூடலூர் தாண்டும்போது வேலுச்சாமி போனில் கூப்பிட்டார். மதுரைக்குப் பார்சல் நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டேன், அந்தத் தலையை நானே வெட்டி வைக்கட்டுமா என்று கேட்டார். "அதத் தொடாதீகண்ணே" என்று கிருபாவதி போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வேல்விழி மட்டும் பார்க்கவில்லை.

தவசியின் கடை குமுளி ரோட்டின் மேலேயே இருந்தது. வாசலில் கறுப்பு வேட்டிச் சாமிகள் இரண்டு பேர் உட்கார்ந்து செல்போனைக் காதில் வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே மலை, மேகத்துக்குள் பாதி மறைந்திருந்தது. தவசி இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"பயப்படாதீக. அந்தப் பத்துச் சாமி போனதும் கம்ப்யூட்டர அமத்திட்டேன். செல்லுல சார்ஜ் எறங்கிப்போச்சு, அதான் எடுக்க முடியல."

"மொத்தம் எத்தன பாட்டு ஏத்துன?"

"ஆயிரத்தி நானூறு இருக்கும்," என்று சொல்லிவிட்டு, வேல்விழியின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எனக்கு என்னக்கா தெரியும்? சாமி பாட்டுதானேன்னு ஏத்துனேன்."

பழைய கம்ப்யூட்டரைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, தவசியின் இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினாள் கிருபாவதி. ஸ்க்ரூ இரண்டு தடவை கீழே விழுந்தது. கடைசி டிரைவைத் தேடச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வேல்விழி பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். தேடுகிற கோடு எறும்பு ஊர்கிற மாதிரி நகர்ந்தது. படங்கள் பெயரில்லாமல் வெறும் எண்களாக வரத் தொடங்கின. எல்லாம் அஞ்சலிப் படங்கள். மாலை போட்டவர்கள், பொட்டு வைத்தவர்கள், கிருபாவதி கண் திறந்து வைத்தவர்கள். சின்னமனூர் சுற்று வட்டாரத்தில் ஐந்து வருஷமாகச் செத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து போக, வேல்விழி ஒவ்வொரு முகத்தையும் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். இல்ல, இது இல்ல.

ஒரு மணி நேரம் கழித்து சங்கிலி வந்தார். வாசலில் நின்று கும்பிடுகிற படம். முழுசாக இருந்தது. வேல்விழி கிருபாவதியின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். அடுத்தது வந்தது, திறந்து பார்த்தால் நெற்றிவரைதான் இருந்தது, அதற்குக் கீழே சாம்பல். அதற்கடுத்தது திறக்கவே இல்லை. இப்படியே போய் முடிவில் எண்ணிப் பார்த்தபோது, முழுசாக ஆறு, அரையும் குறையுமாக ஒன்பது. மற்ற இருபத்தாறும் பாட்டாகிவிட்டன.

"கையப் புடிச்சுக் குடுக்கிற படம்?" என்றாள் வேல்விழி.

மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் சங்கிலி கொடுக்கிற படம் இரண்டு இருந்தது. ஒன்று திறக்கவில்லை. இன்னொன்றில் மண்டபத்து ஃபேனும் சீரியல் பல்பும் மாப்பிள்ளையின் தலைப்பாகை உச்சியும் இருந்தன. அதோடு சரி. கிருபாவதி வேறு வேறு முறையில் மூன்று தடவை திறந்து பார்த்தாள். ஃபேன்தான் திரும்பத் திரும்ப வந்தது.

வேல்விழி அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, செத்த வீட்டில் அழ வேண்டியதில் மிச்சம் வைத்திருந்ததையெல்லாம் அந்த ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து அழுதாள். வெளியே இருந்த சாமிகள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். தவசி டீ வாங்கி வைத்தான், அது ஆடை கட்டியது. கிருபாவதிக்குத் தன் பத்து விரலையும் கதவிடுக்கில் வைத்து நசுக்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இன்னொரு தடவ தேடுங்க," என்றாள் வேல்விழி.

"பாட்டு ஏறுன எடத்துல இனி ஒண்ணும் வராது வேலு."

"வேற எடத்துல தேடுங்க."

வேறு இடத்தில் என்ன இருக்கப்போகிறது? கல்யாண டிரைவில் இருந்ததையெல்லாம்தான் புதுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோயாகிவிட்டது. நாற்பத்தொன்றை வெட்டி எடுத்த பிறகு அதே இடத்தில் ஐப்பசிக் கல்யாணங்கள் நாலைந்து வந்து உட்கார்ந்துவிட்டன. அந்தப் பெண்ணுக்காக ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டுமே என்றுதான் கிருபாவதி அந்த டிரைவையும் தேட விட்டாள். கோடு மறுபடி முதலில் இருந்து ஊர்ந்தது. யார் யாரோ கல்யாணங்கள், காதுகுத்து, மொட்டை. மணி நாலு ஆகியிருந்தது.

திடீரென்று சங்கிலி வந்தார். வாயைத் திறந்து, கையை ஓங்கி, யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். படம் கோணலாக இருந்தது.

கிருபாவதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தப் படம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. இதை அவள் ஒதுக்கினாள். முந்நூறு படம் எடுத்தால் நூறு தேறாது. கண் மூடியது, வாய் கோணியது, ஆடியது, இருட்டடித்தது என்று பார்த்துப் பார்த்துத் தனி ஃபோல்டரில் தள்ளி வைப்பாள். அப்படித் தள்ளியதையெல்லாம் புது மெஷினுக்குக் குப்பை எதற்கு என்று போன வியாழக்கிழமை மொத்தமாக அழித்தாள். அதற்குப் பிறகு அந்த டிரைவில் யாரும் எதையும் ஏற்றவில்லை.

"என்னக்கா இது? இத நான் பாக்கவே இல்லியே."

"நல்லா வரலன்னு நான் ஒதுக்குனது. ஒங்கிட்டக் காட்டல."

"அய்யோ, ஏசுறாக," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே வேல்விழி திரைக்குக் கிட்டே போனாள். "சமையக்காரரத்தான் ஏசுறாக. சோத்துச் சட்டியத் தொறந்து போட்டுட்டாகன்னு அன்னைக்கு ஒரே சத்தம்."

அடுத்தது, சங்கிலி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அடுத்ததில் மேடைக்குப் பின்னால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். ஒன்றில் வாய் நிறைய வெற்றிலை. ஒன்றில் முக்கால் முகத்தை யாரோ ஒரு பெண்ணின் கொண்டை மறைத்திருந்தது. ஒவ்வொன்றையும் எதற்காக ஒதுக்கினோம் என்று கிருபாவதிக்குச் சொல்லத் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று வேல்விழிக்குச் சொல்லத் தெரிந்தது. இதில் எதையும் ஆல்பத்தில் வைத்தால் அல்லிநகரத்து மாமியார் என்ன சொல்லுவாள், நாற்பத்தொரு கட்டத்துக்கு இவை ஈடாகுமா என்று கிருபாவதி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். விடை கிடைக்கவில்லை.

பிறகு முழுக் கறுப்பாக ஒரு படம் வந்தது. தவசி, "இது போயிருச்சு" என்றான். கிருபாவதி அதைத் தள்ளப்போனவள் கையை நிறுத்திக்கொண்டாள். கறுப்பு என்றால் முழுக் கறுப்பில்லை. ஃபிளாஷ் அடிக்காமல் போன படம். வேலுச்சாமி முதலில் ஒன்று அமுக்கி, ஃபிளாஷ் வரவில்லை என்று திட்டிக்கொண்டே பேட்டரி மாற்றி, "இங்கன பாருங்கய்யா" என்று கூப்பிட்டு மறுபடி எடுத்திருப்பார்.

படத்துக்கு வெளிச்சம் கூட்டுகிற கோட்டைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். முதலில் ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் தெரிந்தது. இன்னும் நகர்த்தினாள். மூன்று கைகள் தெரிந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவில் இருந்ததில் வளையல். மண்ணைத் தூவியது போலப் புள்ளி புள்ளியாக இருந்தது. கிருபாவதி இன்னும் ஒரு நூலளவு கூட்டினாள்.

பாட்டாகிப்போன படத்தில் சங்கிலி கேமராவைப் பார்த்து விறைப்பாக நின்றிருந்தார். இதில் அவர் கேமராவைப் பார்க்கவில்லை. படமெடுக்கிறார்கள் என்றே அவருக்குத் தெரியாது. கையைக் கொடுத்துவிட்டு, மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் இருந்தது என்ன என்று அந்தப் புள்ளிகளுக்குள் தேட வேண்டியிருந்தது. மணப்பெண்ணோ குனிந்து தன் வளையலைப் பார்த்தபடி நின்றாள்.

ஸ்டூலில் இருந்த வேல்விழி நிமிர்ந்தாள். மெல்ல முன்னால் நகர்ந்து, திரையில் அவர் கண் பார்த்துக்கொண்டிருந்த திசைக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்தாள்.